எழிலுக்கு எந்த அளவு?

விவாகரத்து பேய்க்குச் செல்லாது என்று என் முன்னாள் மாமியார் போனில் சொன்னபோது நான் கடலூர் சிப்காட்டில், பெயிண்ட் கம்பெனி லேபில், ஒரு டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். பேய் என்று அவர் சொல்லவில்லை, பூவாடைக்காரி என்றுதான் சொன்னார். பேய் என்பது என் சொல். கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

"ரெண்டு வாட்டி கூப்ட்டுப் பாத்துட்டோம் அருளு. வரமாட்டேங்கறா. மூத்த மருமவ கையால கரகம் எடுக்கணும்னு பூசாரி சொல்றாரு."

"நான் உங்க மருமவ இல்லியே அத்த. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டாச்சே."

"அது நமக்குத் தெரியும். அவளுக்கு யாரு போயி சொன்னது?"

டப்பாவை மூடி வைத்தேன்.

சௌந்தரம் அத்தை வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு செத்தவளுக்குத்தான். எங்கள் பக்கம் பல வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண் அந்த வீட்டுக்குத் தெய்வமாகிவிடுகிறாள். வாய்க்கால் கரையில் கரகம் ஜோடித்து, பம்பை அடித்து, பாட்டுப் பாடி அவளைக் கூப்பிட வேண்டும். அவள் வந்தால் பூ வாசனை அடிக்கும், கரகம் கனக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப் புடவை வைத்துப் படைத்து, அவள் அதை உடுத்திப் பார்க்கக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பந்தக்கால். அந்த வீட்டில் அப்படி வருபவள் ராமாமிர்தம், மாமனாருக்கு அத்தை முறை. கல்யாணமான வருடமே போனவள். என் கல்யாணத்துக்கு முதல் கூப்பாட்டிலேயே வந்துவிட்டாள் என்று அத்தை பெருமையாகச் சொல்வார். வந்து என்ன புண்ணியம்?

இப்போது கல்யாணம் என் கொழுந்தன் ஜெயப்பிரகாஷுக்கு. ஆவணியில் முகூர்த்தம். ராமாமிர்தம் வராமல் பந்தக்கால் நடமாட்டேன் என்று அத்தை உட்கார்ந்துவிட்டார்.

வாசனை வந்ததா இல்லையா என்று சொல்வதற்கு ஒரு மூக்கு வேண்டும். என் மூக்கு கொரோனாவோடு போய்விட்டது. பெயிண்ட் கம்பெனியில் அது ஒரு வசதி. தின்னர் நெடியில் மற்றவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது நான் பாட்டுக்கு வேலை பார்ப்பேன். முதுநகரில் மீன் லாரி பஸ்ஸை உரசிக்கொண்டு போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. மூக்கு மரத்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். மற்றதெல்லாம் அதற்கு முன்பே மரத்துப்போயிருந்தது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்களுக்கு எழில் என்று ஒரு மகள் இருந்தாள். நாலு வயதில், ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாள். யார் மீதும் குற்றமில்லை. அப்படி யார் மீதாவது இருந்திருந்தால் திட்டவாவது ஆள் கிடைத்திருக்கும்.

சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, படம் மாட்டக் கூடாது, பேரைச் சொல்லி அழுதால் அதற்குப் போக வழி தெரியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பெரியவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் என் புருஷன் இளவரசு, சுவரிலிருந்த அவள் படத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்தான். அதன் பிறகு அவள் பெயரை அவன் வாயால் நான் கேட்கவே இல்லை. மோட்டார் காயில் கட்டும் தன் கடைக்குப் போவான், வருவான், சாப்பிடுவான். "பாப்பா" என்றுகூடச் சொல்லமாட்டான். எழில் என்று ஒருத்தி அந்த வீட்டில் பிறக்கவே இல்லை என்பதுபோல் இரண்டு வருடம் போனது. அப்புறம் நான் கிளம்பிக் கடலூருக்கு வந்துவிட்டேன். அவனும் தடுக்கவில்லை. கோர்ட்டில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். ஒரு காலத்தில் கடலூர் சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பதற்காகவே முதல் ஸ்டாப்பில் ஏறி வந்தவன் அவன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எழிலை நான் வளர்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் பிறந்தால் மனதுக்குள் அவளை அடுத்த வகுப்பில் சேர்ப்பேன். பல் விழுந்து முளைத்தது. முடி நீண்டது. இந்த வருடம் ஆறாவது போகிறாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மாத்திரைச் சீட்டு எழுதுவார்கள். பகலில் அது வெறும் நினைப்பு என்று எனக்கே தெரியும். ஆனாலும் அது வெறும் நினைப்புதானா என்று ஒரே ஒரு முறை தெரிந்தால் போதும் என்றிருந்தது. அதைத் தவிர எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

ஜெயப்பிரகாஷே சிப்காட் கேட்டுக்கு வந்து நின்றான். எழிலைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தேர் பார்க்க அழைத்துப் போனவன்.

"அண்ணி, நீங்க வந்து சும்மா கரகத்தப் புடிச்சாப் போதும். வாசன வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. என் கல்யாணம் நடக்கும்."

"எனக்கு மூக்கு வேல செய்யாது ஜெயா."

"அதெல்லாம் பூவாடக்காரிக்குத் தெரியவா போவுது?"

அண்ணனின் தம்பிதான். வருகிறேன் என்றேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இளவரசு பைக்கோடு நின்றான். மீசையில் பாதி நரைத்திருந்தது. சட்டைக் காலரில் வார்னிஷ் கறை, அது மாறவில்லை. முன்பு நான் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கையெழுத்துப் போட்ட பிறகு என்னவென்று கூப்பிடுவது? எதுவும் கூப்பிடாமல் ஏறிக்கொண்டேன்.

"பஸ்ல கூட்டமா?"

"இல்ல."

"எடம் கெடச்சிதா?"

"கெடச்சிது."

அவன் முதுகுக்கும் எனக்கும் நடுவில் என் கைப்பையை வைத்துக்கொண்டேன். ஏதாவது தோன்றும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. உட்கார்ந்தே மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது.

கான்சாகிப் வாய்க்கால் படித்துறையில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. பூசாரி சடையப்பன் கரகச் செம்பில் தண்ணீர் மொண்டு, வேப்பிலை செருகி, மல்லிகையும் சாமந்தியும் சுற்றி என் தலையில் வைத்தார். மல்லிகையை அப்படி வண்டி வண்டியாகச் சுற்றி வைத்தால் பூ வாசனை வராமல் வேறென்ன வரும் என்று இந்த ஜனங்களை ஒரு முறையாவது கேட்க வேண்டும். ஆனால் அந்த வாசனை வேறு, இந்த வாசனை வேறு என்பார்கள்.

பம்பை அதிர்ந்தது. சடையப்பன் ராமாமிர்தத்தின் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, அவள் கட்டிக்கொள்ள எடுத்து வைத்திருக்கும் பட்டுப் புடவையின் நிறத்தைக்கூடச் சொல்லி அழைத்தார். எல்லோரும் முகத்தைத் தூக்கி மோந்து பார்த்தார்கள். கல்யாண வீட்டு ஜனம் மொத்தமும் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரகம் இலேசாகவே இருந்தது. தண்ணீர்தான் தளும்பியது.

"வரலியே," என்றார் அத்தை. குரல் உடைந்துவிட்டது.

ஜெயப்பிரகாஷ் எனக்குக் கண்ணைக் காட்டினான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை அடித்தது. மல்லிகை இல்லை, சாமந்தியும் இல்லை. முந்திரிப் பழம். மஞ்சளாகப் பழுத்து, தோப்பு மண்ணில் விழுந்து வெயிலில் கிடக்குமே, தொண்டையைப் பிடிக்கும் அந்தப் புளித்த இனிப்பு வாசனை. நாலு வருடமாக எந்த வாசனையும் நுழையாத மூக்கு அது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துக்கத்தில் இல்லை, காரத்தில் வருவதுபோல.

திருவதிகைக்கு அந்தப் பக்கம் என் அம்மா வீட்டுக்கு ஒரு முந்திரித் தோப்பு உண்டு. எழில் அங்கே போனால் பழத்தில் உப்பைத் தொட்டுத் தொட்டுத் தின்பாள். தொண்டை கட்டிக்கொள்ளும், சொன்னால் கேட்கமாட்டாள். சாறு வழிந்தால் கைக்குட்டையெல்லாம் தேடமாட்டாள். தலையைச் சாய்த்து இடது தோள்பட்டையில் வாயைத் துடைத்துவிடுவாள். முந்திரிக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அவள் சட்டை ஒவ்வொன்றிலும் இடது தோளில் ஒரு பழுப்புத் திட்டு இருக்கும்.

"முந்திரிப் பழ வாசன வருது," என்றேன்.

பம்பை நின்றது.

"ஆவணி மாசத்துல ஏதும்மா முந்திரிப் பழம்? சித்திரையோட போச்சே," என்றார் அத்தை. மற்றவர்களும் மோந்து பார்த்தார்கள். யாருக்கும் வரவில்லை. வேலையைக் கெடுக்க வந்திருக்கிறாள் என்று ஒரு சொந்தக்காரப் பெண் முணுமுணுத்தது கேட்டது.

"எனக்கும் வருது."

பின்னாலிருந்து சொன்னவன் இளவரசு. கூட்டத்தில் கடைசியில், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வருதும்மா. எழில் சட்ட வாசன."

ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்தது. அவன் சொல்லி முடிக்கவும் கரகம் கனத்தது. கழுத்து இறங்கும் அளவுக்குக் கனம். தலையில் தாங்க முடியாமல் இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். இடுப்பு உடனே ஒரு பக்கம் சாய்ந்து கொடுத்தது, அதற்குப் பழக்கம்தான். ஆனால் எனக்கு நினைவிருந்த கனம் இது இல்லை. கூடுதலாக இருந்தது. இடுப்பில் வைத்துக்கொள்ளும் வயதைத் தாண்டிய பிள்ளையைத் தூக்கியதுபோல் மூச்சு வாங்கியது.

சடையப்பன்தான் முதலில் தெளிந்தார். "ஏம்மா சௌந்தரம், வந்திருக்கறது கொழந்தம்மா. இந்த வீட்டுப் பூவாடக்காரி இப்ப இதுதான். ரெண்டு வாட்டியும் ஆறு கெஜப் பட்டுப் பொடவைய வச்சிக்கிட்டு கூப்ட்டா அது எப்படி வரும்? அது எப்படிக் கட்டிக்கும்?"

அத்தை படியில் உட்கார்ந்துவிட்டார். "கொழந்தைக்கு ஒண்ணும் செய்யக் கூடாதுன்னாங்களே. போற வழி மறிக்கும்னாங்களே. நான் என்னத்தக் கண்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். நான் கரகத்தைப் பிடிப்பதிலேயே இருந்தேன்.

கரகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நடு அறையில் பலகை மேல் வைத்தோம். துள்ளுமாவு, கொழுக்கட்டை, பழம் எல்லாம் இலையில் தயாராக இருந்தன. புடவையை மட்டும் எடுத்துவிட்டார்கள். பெற்றவர்கள் போய்த் துணி எடுத்துக்கொண்டு வாருங்கள், அதுவரை பம்பை அடித்து இருத்தி வைக்கிறேன் என்றார் சடையப்பன். துணிக்கடைக்கு ஆள் அனுப்புகிற பேயை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஜெயப்பிரகாஷ் சொன்னான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

கீழவீதியில் ஒரு துணிக்கடை. ஆடித் தள்ளுபடி பேனரை இன்னும் கழற்றவில்லை. கவுன்டரில் இருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்டாள்:

"பாவாட சட்டைங்களா? கொழந்தைக்கு என்னா வயசு?"

"நாலு," என்றான் இளவரசு.

"பதினொண்ணு," என்றேன் நான்.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு புள்ளைங்களா? ஒரே கலர்ல காட்டட்டுமா?"

இளவரசு என்னைப் பார்த்தான். நான் கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது துணிக்கடை கவுன்டரில் வெளியே வந்துவிட்டது. சிரித்தாலும் சரி, பைத்தியம் என்றாலும் சரி என்று நின்றேன். அவன் சிரிக்கவில்லை.

"காட்டும்மா," என்றான். "ரெண்டு அளவுலயும்."

மாம்பழ நிறத்தில், அரக்குக் கரை போட்டு ஒன்று சின்னதாக, ஒன்று பெரியதாக வாங்கினோம். பைக்கை எடுக்காமல் இளவரசு அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"பதினொண்ணா?"

"ஆறாவது போறா."

"எனக்கு அவ அந்த ஆஸ்பத்திரி கட்டில்லயே நிக்கிறா அருளு. அதே ஜட்டி பனியனோட. பேரச் சொன்னா அந்த எடத்துக்குத்தான் போறேன். அதான் சொல்லல. மறந்துட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா. அப்படித்தான் நெனச்சேன்."

"நீ மட்டும் அவள வளத்துட்டே இருந்திருக்க. எங்கிட்டச் சொல்லி இருக்கலாமே."

"பேரே சொல்லாதவங்கிட்ட என்னாத்தச் சொல்றது?"

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். தெருவில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. "திரும்பி வந்துடுன்னு கேக்கணும்னு கடலூரு வரைக்கும் எத்தினியோ வாட்டி வந்திருக்கேன். உங்க கம்பெனி கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவேன். எந்த மொகத்த வச்சிக்கிட்டுக் கேக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. உள்ளே வந்து கேட்டிருந்தால் என்ன, வாட்ச்மேன் கடித்தா விடுவான்? ஆனால் நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். சாத்திய கதவுக்குள் அவள் சின்னதை எடுத்தால், நான் வளர்த்தது வெறும் நினைப்பு. அவன் பிள்ளைதான் நிஜம், கட்டிலில் கிடந்த அந்த நாலு வயதுப் பிள்ளை. பெரியதை எடுத்தால்? அதை மேலே யோசிக்கப் பயமாக இருந்தது. பயம் என்று ஒன்று எனக்குள் வந்தே ரொம்ப நாளாகியிருந்தது.

"போலாம். காத்துட்டிருப்பா," என்றேன்.

இரண்டு பாவாடை சட்டைகளையும் இலைக்குப் பக்கத்தில் மடித்து வைத்தோம். சூடம் ஏற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். இளவரசு கதவைச் சாத்தினான். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது, ஜன்னலும் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. இதை எனக்காகச் சொல்லவில்லை, நம்பாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

பம்பை மட்டும் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளவரசும் நானும் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. வாசனை மட்டும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் வந்தது என்பது மற்றவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

சடையப்பன் கையைக் காட்டியதும் கதவைத் திறந்தோம்.

சின்னது வைத்த மடிப்போடு அப்படியே இருந்தது. பெரியது மடிப்பு பிரிந்து கிடந்தது. சட்டையை எடுத்தேன். இடது தோள்பட்டை ஈரமாக இருந்தது. ஈரம் காயக் காய ஓரத்தில் பழுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

சட்டையை இளவரசிடம் நீட்டினேன். அவன் அதை மோந்து பார்க்கவில்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் இல்லை. பாவாடையின் கரை தரையைத் தொடும்படி விட்டு, சட்டையை அதன் மேல் பொருத்தி, தோள்பட்டை இரண்டையும் பிடித்துத் தன் எதிரில் நிறுத்தினான். கழுத்துப் பட்டி அவன் வயிற்றுக்கு மேலே வந்தது. அதற்கு மேல் ஒரு தலைக்கு இடம் விட்டு உள்ளங்கையைக் காற்றில் வைத்துப் பார்த்தான். கை அவன் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"நெஞ்சு ஒசரம் வந்துட்டா," என்றான். "ஏ எழிலு, இவ்ளோ வளந்துட்டியாடி?"

அப்படியே உட்கார்ந்து அழுதான். ஊரே கேட்கும்படி, மூக்கு ஒழுக அழுதான். ஏழு வருடத்து அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மரத்துப்போன காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது சுருக் சுருக்கென்று குத்துமே, உடம்பு முழுக்க அப்படிக் குத்தியது. வலித்தது. ரொம்ப வலித்தது. அழுதேன். அவன் சட்டைக் காலரில் வார்னிஷ் நாற்றம் அடித்தது, எனக்குத் தெரிந்தது.

வெளியே பந்தக்காலுக்குக் குழி தோண்டும் சத்தம் கேட்டது. ஜெயப்பிரகாஷுக்கு அவசரம்.

அத்தை உள்ளே வந்து இரண்டு துணிகளையும் எடுத்துப் பார்த்தார். கறைபட்ட தோளைத் தடவினார். "படைச்ச துணிய வீட்டுப் பொண்ணு யாராவது உடுத்தணும். இந்த அளவுக்கு யாருமில்ல. சின்னது இருக்கட்டும், இனி யாராவது பொறந்தா ஆவும்," என்று எங்களைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, பெரியதை மடித்துப் பீரோவைத் திறந்தார். உள்ளே கவிழ்த்து வைத்திருந்த எழிலின் படத்தை எடுத்துத் துடைத்து இளவரசின் கையில் கொடுத்தார். "வருஷா வருஷம் படைக்கணும் இனிமே. வருஷா வருஷம் புதுசு எடுக்கணும்."

இளவரசு படத்தை மடியில் வைத்துக்கொண்டான். அதில் அவள் நாலு வயதில், இடது தோளில் கறையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். கேட்கத் தெரியாதவன் கேட்கிற முகம் அது.

"அடுத்த வருஷம் கடைக்கிப் போனா எந்த அளவுன்னு கேப்பாங்களே. எனக்குத் தெரியாதே அருளு. என்னான்னு சொல்றது?"

"பன்னெண்டு, மாமா," என்றேன்.